பழகினால் அழகாகுமா?

பாரிஸில் இன்றைக்கு இல்லாத ஒரு கட்டடத்திலிருந்து தொடங்கலாம். 1889 உலகப் பொருட்காட்சிக்காக ஷாம் து மார்ஸ் மைதானத்தின் ஒரு கோடியில் ‘இயந்திரக் கூடம்’ ஒன்றை எழுப்பினார்கள். நீளம் சுமார் 420 மீட்டர். அகலம் ஏறக்குறைய 110 மீட்டர். அந்த அகலம் முழுக்க நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. இரும்பு வளைவுகள் இரண்டு பக்கமும் தரையிலிருந்து கிளம்பி, உச்சியில் ஒன்றையொன்று தொட்டு நின்றன. அதுவரை அவ்வளவு பெரிய இடத்தைத் தூணில்லாமல் யாரும் கூரை போட்டு மூடியதில்லை. ஃபெர்டினான் துதேர் என்ற கட்டடக் கலைஞரும் விக்தோர் கோந்தமேன் என்ற பொறியாளரும் சேர்ந்து செய்த வேலை அது. உயரத்தில் நகர்ந்துகொண்டிருந்த பாலமேடைகளில் ஏறிக்கொண்டால், கீழே ஓடும் இயந்திரங்களைப் பார்த்தபடியே கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடலாம். வந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

மைதானத்தின் மறுகோடியில், சென் ஆற்றங்கரையில், அதே பொருட்காட்சிக்காக அதே இரும்பால் இன்னொன்றும் எழுந்தது. உயரம் 300 மீட்டர். கலைஞர்களிடமிருந்து அதற்குக் கிடைத்தது வசவு.

பாராட்டு வாங்கிய கூடத்தை 1910இல் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அதே 1910இன் முதல் நாளில், வசவு வாங்கிய கோபுரத்துக்கு இன்னும் 70 ஆண்டுகள் நிற்க உரிமம் புதுப்பிக்கப்பட்டது. இன்று ஈஃபிள் கோபுரம் இல்லாமல் பாரிஸை நினைத்துப் பார்க்க முடியாது. இயந்திரக் கூடத்தின் பெயர் கட்டடக் கலை மாணவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

புதிய கட்டடம் ஒன்று ஊராரிடம் திட்டு வாங்கும்போதெல்லாம் அதை வரைந்தவர்கள் தவறாமல் ஒரு கதையைச் சொல்வார்கள். ஈஃபிள் கோபுரத்தையும் இப்படித்தான் திட்டினார்கள், பிறகு பழகிப்போயிற்று, கொண்டாடினார்கள், எங்கள் கட்டடத்துக்கும் அந்தக் காலம் வரும் என்பது கதை. கேட்க ஆறுதலாக இருக்கும். அது எவ்வளவு தூரம் உண்மை என்று பார்ப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. பழகினால் பிடித்துப்போகும் என்பது உளவியலாளர்கள் பலமுறை சோதித்துப் பார்த்த விஷயம். ஆனால் ஒரு கட்டடத்தைப் பற்றி ஊர் தன் மனத்தை மாற்றிக்கொண்டது என்று நாம் சொல்லும்போது, அதற்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு நிகழ்வுகள் ஒளிந்திருக்கின்றன. பழக்கம் அவற்றில் முதலாவது. என் கணிப்பில், மூன்றிலும் வலுக்குறைந்ததும் அதுதான்.

முதலில் அந்த வசவு. 1887 பிப்ரவரி 14 அன்று ‘லெ தாம்’ நாளிதழில் ஒரு கண்டனக் கடிதம் வெளிவந்தது. கையெழுத்திட்டவர்கள் சாதாரண ஆட்கள் அல்லர். எழுத்தாளர் மாப்பசான், இசையமைப்பாளர் குனோ, நாடகாசிரியர் இளைய துமா, பாரிஸின் ஆப்பரா மாளிகையைக் கட்டிய சார்ல் கார்னியே, இன்னும் பல ஓவியர்கள், கவிஞர்கள். பாரிஸின் நெஞ்சில் பயனற்ற ஓர் அருவருப்பை நடப்போகிறீர்கள் என்பது குற்றச்சாட்டு. இங்கே தேதியைக் கவனிக்க வேண்டும். கோபுரத்துக்கு அஸ்திவாரம் தோண்டத் தொடங்கியது ஜனவரி 28இல். கடிதம் அச்சேறியபோது அந்த இடத்தில் இருந்தது குழியும் மண்மேடும்தான். அவர்கள் எதிர்த்தது ஒரு வரைபடத்தை.

கோபுரத்தைக் கட்டிய குஸ்தாவ் ஈஃபிளின் பதிலும் அதே நாளிதழில் வந்தது. நான்கு கால்களின் வளைவை நான் அலங்காரத்துக்காக வரையவில்லை, காற்றின் விசையைக் கணக்கிட்டபோது தானாக வந்த வடிவம் அது என்றார். உயரமான ஒன்றைக் காற்று பக்கவாட்டில் தள்ளும்போது, அதைச் சாய்க்கப் பார்க்கும் விசை அடிப்பகுதிக்கு வரவர மிக வேகமாகக் கூடுகிறது. அதற்கு ஈடுகொடுக்கக் கால்கள் கீழே போகப்போக அகன்றாக வேண்டும். அந்தக் கணக்கை அப்படியே இரும்பில் செய்தால் வருவது நாம் இன்று பார்க்கும் கோடு. கணக்குச் சரியாக இருந்தால் அழகும் வரும் என்று அவர் நம்பினார்; எகிப்தியப் பிரமிடுகளைத் துணைக்கு அழைத்தார். எனக்கு இந்த வாதம் முழுச் சம்மதம் இல்லை. முதல் தளத்துக்குக் கீழே உள்ள அலங்கார வளைவுகள் பாரத்தைத் தாங்குபவை அல்ல, பார்வைக்காகச் சேர்க்கப்பட்டவை. ஈஃபிளுக்கும் ஊர்க் கண்ணைப் பற்றிய கவலை இருந்திருக்கிறது.

பிறகு கோபுரம் எழுந்தது. 18,038 இரும்புத் துண்டுகள், 25 லட்சம் ரிவெட்டுகள், இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று அதிகமான காலம். பொருட்காட்சி நடந்த ஆறு மாதங்களில் ஏறியவர்கள் ஏறக்குறைய 20 லட்சம் பேர். லிஃப்ட் ஓடத் தொடங்குவதற்கு முன்னாலேயே ஆயிரக்கணக்கானோர் மூச்சு வாங்கப் படியேறிப் போனார்கள். இந்த 20 லட்சம் பேரின் கருத்தை யாரும் அச்சிட்டு வைக்கவில்லை. அமெரிக்காவில் காலப் என்பவர் தன் நிறுவனத்தைத் தொடங்கிக் கருத்துக் கணிப்பு ஒரு முறையாக வளர்ந்தது 1935க்குப் பிறகுதான். அதனால் 1887இல் பாரிஸ் கோபுரத்தை வெறுத்தது என்று நாம் சொல்லும்போது, நாளிதழில் இடம் கிடைத்த சில டஜன் பேரின் வெறுப்பை ஊரின் வெறுப்பாக எடுத்துக்கொள்கிறோம். டிக்கெட் வாங்கியவர்கள் வேறு தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள்.

கையெழுத்திட்ட கார்னியே அதே பொருட்காட்சியில், கோபுரத்தின் காலடியிலேயே, மனித வீடுகளின் வரலாறு என்று உலகத்து வீட்டு மாதிரிகளை வரிசையாகக் கட்டிக் காட்டினார். மாப்பசான் அடிக்கடி கோபுரத்து உணவகத்தில் சாப்பிடுவார் என்றும், ஏன் என்று கேட்டதற்கு, பாரிஸில் இங்கிருந்து மட்டும்தான் இந்தக் கோபுரம் கண்ணில் படாது என்றார் என்றும் ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, இந்த நகைச்சுவையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேறொரு கோபுரத்தின் மேல் ஏறி வரும்.

பொருட்காட்சி முடிந்ததும் கூட்டம் சரிந்தது. ஒப்பந்தப்படி 1909 முடிவில் கோபுரம் நகராட்சியின் கைக்குப் போய்விடும். வேண்டாமென்றால் அவர்கள் பிரித்துப் போட்டுவிடலாம். ஈஃபிள் விவரமான ஆள். அழகு என்று வாதாடிப் பயனில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உச்சியில் வானிலைக் கருவிகளை வைத்தார். இரண்டாம் தளத்திலிருந்து பொருள்களைக் கம்பி வழியே கீழே விழவிட்டுக் காற்றின் எதிர்ப்பை அளந்தார். 1898 நவம்பரில் எழேன் துக்ரெத்தே என்பவர் கோபுரத்திலிருந்து 4 கிலோமீட்டர் தள்ளியிருந்த பாந்தியோன் மண்டபத்துக்குக் கம்பியில்லாத் தந்தி அனுப்பிக் காட்டினார். சில ஆண்டுகளில் ராணுவ அதிகாரி குஸ்தாவ் ஃபெரியே தன் சோதனைகளை அங்கே கொண்டுவந்தார். வானொலி அலைகளுக்கு உயரம் வேண்டும். ஐரோப்பாவில் அதைவிட உயரமான கட்டுமானத்தை யாராலும் தர முடியவில்லை. உரிமம் புதுப்பிக்கப்பட்டதன் காரணம் இதுதான். இயந்திரக் கூடத்துக்கு அப்படி ஒரு வேலை வாய்க்கவில்லை. மைதானத்தின் காட்சியை மறைக்கிறது என்று சொல்லி இடித்தார்கள்.

ஆக, ஊர் கோபுரத்தை நேசிக்கத் தொடங்கியதால் அது பிழைத்ததாகச் சொல்ல முடியாது. அது பிழைத்துக்கிடந்ததால்தான் நேசிக்க ஆள் வந்தார்கள். அந்த ஆட்கள் யார் என்று பார்த்தால் இரண்டாவது நிகழ்வு புலப்படும்.

மாப்பசானும் குனோவும் இறந்தது 1893இல். துமா 1895இல். கார்னியே 1898இல். கோபுரத்துக்கு மறுவாழ்வு கிடைத்த 1910இல் இந்த நால்வரில் ஒருவரும் உயிரோடு இல்லை. இன்னொரு பக்கம், 1909 முதல் கோபுரத்தைத் திரும்பத் திரும்ப வரைந்து நவீன ஓவியத்தின் நாயகியாகவே ஆக்கியவர் ரொபேர் தெலோனே. அவர் பிறந்தது 1885இல். கோபுரம் எழுந்தபோது நான்கு வயதுகூட நிறையாத பிள்ளை. அவருக்கு அது புதுமையும் அல்ல, அத்துமீறலும் அல்ல. கண் தெரிந்த நாள் முதலாக வானத்தில் இருந்த ஒன்று.

மக்கள்தொகை ஆய்வாளர்கள் இதில் கறாராக இருப்பார்கள். இருபது ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு கணிப்புகளில் கருத்து மாறியிருந்தால், அதே மனிதர்கள் மனம் மாறினார்களா, மனிதர்களே மாறிவிட்டார்களா என்று முதலில் கேட்பார்கள். ஒரு நகரம் என்பது அதே பெயரில் இயங்கும் வேறு வேறு கூட்டம். ஆண்டுதோறும் ஒரு பகுதி போகிறது, ஒரு பகுதி வருகிறது. வருபவர்களுக்கு அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்பது தெரியாது; எதை இழந்தோம் என்ற துக்கமும் கிடையாது. சர்ச்சைக்குரிய கட்டடங்களின் ‘மனமாற்றக்’ கதைகளில் கணிசமான பங்கு இந்த ஆள்மாற்றம்தான் என்று நினைக்கிறேன். யாரும் தோற்றதாக ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை என்பது இதில் ஒரு வசதி.

இப்போது பழக்கத்துக்கு வருவோம். 1967இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர், தலை முதல் கணுக்கால் வரை பெரிய கறுப்புப் பையால் மூடிக்கொண்டு வகுப்புக்கு வரத் தொடங்கினார். பாதம் மட்டும்தான் வெளியே தெரியும். ஆள் யார் என்று பேராசிரியருக்கு மட்டும் தெரியும். வகுப்பு முதலில் எரிச்சலடைந்தது. பிறகு வேடிக்கை பார்த்தது. சில வாரங்களில் பையோடு சிநேகமாகிவிட்டது. ராபர்ட் ஸயான்ட்ஸ் என்ற உளவியலாளர் 1968இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை இந்தச் செய்தியில்தான் தொடங்குகிறது. அவருடைய சொந்தச் சோதனை இதைவிடச் சாதுவானது. பொருளற்ற சில சொற்களைத் துருக்கிச் சொற்கள் என்று சொல்லி மாணவர்களிடம் காட்டினார். சில சொற்களை ஒருமுறை, சிலவற்றை 25 முறை வரை. பிறகு, இந்தச் சொல் நல்லதைக் குறிக்கிறதா கெட்டதைக் குறிக்கிறதா, ஊகியுங்கள் என்றார். அதிகமுறை கண்ணில் பட்ட சொற்களுக்கு நல்ல பொருளே அதிகம் கிடைத்தது. சீன எழுத்துப் போன்ற வடிவங்களுக்கும், முன்பின் தெரியாத முகங்களின் படங்களுக்கும் அதே கதை. புரிய வேண்டாம், பயன் வேண்டாம், பரிசு வேண்டாம். கண்ணில் பட்டால் போதும்.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கட்டிங் இதை ஓவியத்துக்குக் கொண்டுபோனார். புத்தகங்களில் அடிக்கடி அச்சாகும் இம்ப்ரெஷனிச ஓவியங்களைத்தான் மாணவர்கள் அதிகம் விரும்புகிறார்கள் என்று முதலில் காட்டினார். அடுத்து ஒரு பருவம் முழுவதும், தன் உளவியல் வகுப்பில், அதிகம் அச்சாகாத ஓவியங்களை எந்த விளக்கமும் இல்லாமல் திரையில் சில நொடிகள் காட்டி வந்தார். பருவத்தின் முடிவில் அந்த வகுப்பில் பிரபல ஓவியங்களுக்கு இருந்த சலுகை காணாமல் போயிருந்தது. செவ்வியல் படைப்புகளின் பட்டியல் என்று நாம் பயபக்தியோடு சொல்வதில் எத்தனை பங்கு வெறும் பழக்கம் என்ற சங்கடமான கேள்வியை 2003இல் வெளிவந்த இந்த ஆய்வு எழுப்பியது.

ஆனால் நம் ஊர்ப் பழமொழி நேர் எதிராகப் பேசுகிறது. பழகப் பழகப் பாலும் புளிக்கும். எது சரி? பிரிட்டனில் ஆரன் மெஸ்கின் என்ற தத்துவவியலாளரும் சகாக்களும் கட்டிங்கின் முறையையே எடுத்து ஒரு குறும்பு செய்தார்கள். தாமஸ் கின்கேட் என்று ஓர் அமெரிக்க ஓவியர். ஜன்னலெல்லாம் ஒளி வழியும் குடிசை, பனி, ஓடை என்று தித்திக்கத் தித்திக்க வரைந்து ஏராளமாக விற்றவர். விமர்சகர்கள் முகம் சுளிப்பார்கள். அவர் படங்களையும், 19ஆம் நூற்றாண்டின் மதிப்புக்குரிய ஆங்கில ஓவியர் ஜான் எவரெட் மில்லேயின் படங்களையும் மாணவர்களுக்கு மாற்றி மாற்றிக் காட்டினார்கள். கின்கேடின் படங்கள் அதிகமுறை கண்ணில் படப்பட, பிடிப்பு குறைந்தது. மில்லேயின் படங்களுக்கு அப்படிச் சரிவு இல்லை. 2013இல் வெளிவந்த இந்தச் சோதனை சிறியதுதான், அதன் மேல் பெரிய மாளிகை கட்டிவிடக் கூடாது. இருந்தாலும் ஒரு குறிப்புக் கிடைக்கிறது. பழக்கம் எல்லாவற்றையும் இனிப்பாக்குவதில்லை. பார்க்கப் பார்க்க ஏதாவது புதிதாகக் கிடைக்கிற பொருளுக்கு அது உதவுகிறது. முதல் பார்வையிலேயே தீர்ந்துவிடுகிற பொருளைக் கைவிடுகிறது.

கட்டடங்களை வைத்து இப்படி ஆய்வுக்கூடச் சோதனை நடத்த முடியாது. பாரிஸ் தற்செயலாக ஒன்றை நடத்திக் காட்டியது. 1970களில், நான்காண்டு இடைவெளியில், நகரத்தின் நடுவில் இரண்டு முரட்டு நவீனக் கட்டடங்கள் எழுந்தன. இரண்டையும் திட்டினார்கள். ஒன்றுக்குத்தான் திட்டு ஓய்ந்தது.

1973இல் திறந்த மோன்பர்னாஸ் கோபுரம், 210 மீட்டர் உயரம், 59 மாடி, கருமை கலந்த கண்ணாடிச் சுவர், உள்ளே அலுவலகங்கள். 1977இல் திறந்த பொம்பிடு மையம், கலை அருங்காட்சியகமும் பொது நூலகமும் சேர்ந்தது. 1971 போட்டிக்கு வந்த 681 திட்டங்களிலிருந்து தேர்வானது. வரைந்தவர்கள் முப்பதுகளில் இருந்த ரென்சோ பியானோவும் ரிச்சர்ட் ராஜர்ஸும் அவர்களுடைய கூட்டாளிகளும். கட்டடத்தின் குடலையெல்லாம் எடுத்து வெளியே போட்டார்கள். நீலக் குழாயில் காற்று, பச்சையில் தண்ணீர், மஞ்சளில் மின்சாரம், ஆட்கள் போய்வரும் வழிக்குச் சிவப்பு. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை என்று ஏளனம் செய்தார்கள். ராஜர்ஸே பிற்காலத்தில் சொல்லிச் சிரித்த சம்பவம் ஒன்று. மழையில் நின்றவருக்கு ஒரு மூதாட்டி குடையில் இடம் கொடுத்தார். இந்தக் கட்டடத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று பேச்சு வந்தது. நான்தான் வரைந்தேன் என்றார் இவர். அந்த அம்மாள் அதே குடையால் தலையில் ஒரு போடு போட்டார்.

அதே கட்டடத்தில் இன்னொரு மூதாட்டி இருக்கிறார். அவரை நமக்குத் தந்தவர் பொறியாளர் பீட்டர் ரைஸ். சிட்னி ஆப்பரா ஹவுஸில் வேலை கற்ற அயர்லாந்துக்காரர். பொம்பிடுவின் மாடிகளைத் தாங்கும் உத்தரங்கள் தூணை நேராகத் தொடுவதில்லை. நடுவே பெரிய வார்ப்பு எஃகுக் கைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பல டன் எடை. உத்தரத்தின் பாரத்தை ஒரு முனையில் வாங்கி, தூணில் ஊன்றி, மறுமுனையை வெளிப்பக்கத்துக் கம்பி கீழே இழுத்துப் பிடிக்க, நிறுவைக்கோல்போல் நிற்கும் கைகள். சாதாரணத் தகடுகளை வெட்டி ஒட்டியே செய்திருக்கலாம். ரைஸ் பிடிவாதமாக வார்ப்பு எஃகு கேட்டார். அச்சில் ஊற்றி எடுத்த பொருளின் மேற்பரப்பில் அதைச் செய்தவர்களின் கை தெரியும், ஈஃபிள் காலத்து இரும்பில் அது தெரிந்தது, இன்றைய எஃகில் தொலைந்துவிட்டது என்பது அவர் எண்ணம். மையம் திறந்த பிறகு ஒருநாள், நான்காம் மாடியில் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டி அந்த எஃகுக் கையைத் தடவிக்கொண்டிருந்ததை அவர் பார்த்தார். பயமோ மிரட்சியோ இல்லாமல். தான் ஆசைப்பட்டது நடந்துவிட்டதென்று அவருக்கு அப்போது புரிந்தது.

இந்த இரண்டு மூதாட்டிகளுக்கும் இடையே எத்தனை ஆண்டு என்று கேட்பதைவிட, ஒருவர் எங்கே நின்றார், மற்றவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று கேட்பது பயன் தரும். ஒருவர் தெருவில். மற்றவர் உள்ளே, கைக்கெட்டும் தூரத்தில். பியானோவும் ராஜர்ஸும் தங்களுக்குக் கிடைத்த மனையில் பாதியைக் கட்டாமல் சரிவான திடலாக விட்டார்கள். வித்தை காட்டுகிறவர்கள், கதை சொல்கிறவர்கள், சும்மா உட்காருகிறவர்கள் எல்லாருக்கும் அது இடமாயிற்று. முகப்பில் கண்ணாடிக் குழாய்க்குள் குறுக்காக ஏறும் எஸ்கலேட்டரில் போனவர்களுக்கு, ஒவ்வொரு மாடிக்கும் பாரிஸின் கூரைகள் ஒரு படி கீழே இறங்கிக்கொண்டே வந்தன. நாளுக்கு 8,000 பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் அதைப் போல் மூன்று மடங்குக்கு அருகில்.

மோன்பர்னாஸ் கோபுரத்துக்குள் போக அலுவலக அட்டை வேண்டியிருந்தது. அடியில் கடைகள், உச்சியில் கட்டணம் கட்டிப் பார்க்கும் மாடம். நடுவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மாடிகள் ஊருக்கு எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் ஊரின் எந்த மூலையிலிருந்தும் தெரிகிறது. ஸயான்ட்ஸின் விதி மட்டும் போதுமென்றால், பாரிஸ்வாசிகளின் கண்ணில் நாள்தோறும் விழுகிற இந்தக் கோபுரம் இந்நேரம் செல்லப்பிள்ளையாகியிருக்க வேண்டும். நடந்தது வேறு. 1977இல் நகரம் கட்டடங்களுக்கு 37 மீட்டர் உயர வரம்பு போட்டது. 2010களில் அதைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தார்கள். 180 மீட்டர் முக்கோணக் கோபுரம் ஒன்றின் மேல் சண்டை மூண்டு, 2023இல் மறுபடி 37க்கே திரும்பினார்கள். மாப்பசானின் நகைச்சுவை இப்போது மோன்பர்னாஸுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. பாரிஸின் மிகச் சிறந்த காட்சி அதன் உச்சியிலிருந்துதான் கிடைக்கும், ஏனென்றால் அங்கிருந்து மோன்பர்னாஸ் கோபுரம் தெரியாது என்பார்கள்.

லூவ்ர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பிரமிடு இந்த வரிசையில் எப்போதும் வரும், எனக்கு அதில் ஒரே ஓர் இடம்தான் சுவாரசியம். கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய்யின் திட்டம் 1984இல் வெளியானபோது, அதிபர் மித்தெரான் தன்னைப் பாரோ மன்னனாக நினைத்துக்கொண்டுவிட்டார் என்று கேலி செய்தார்கள். வழக்கம்போல அது வரைபடத்தோடு நடந்த சண்டை. நகர மேயர் ஷிராக் ஒரு காரியம் செய்யச் சொன்னார். 1985 மே மாதம், முற்றத்தில் கிரேனைக் கொண்டுவந்து நிறுத்தி, கம்பிகளை இழுத்துக் கட்டி, பிரமிடின் விளிம்புகளை நிஜ அளவில் காட்டினார்கள். சுமார் 60,000 பேர் வந்து பார்த்தார்கள். 21 மீட்டர்ச் சொச்சம் உயரம், சுற்றியுள்ள மாளிகையின் கூரையைத் தாண்டவில்லை, வானத்தை மறைக்கவும் இல்லை. எதிர்ப்பு அதோடு முடிந்துவிடவில்லை, ஆனால் சுருதி இறங்கியது. பழக ஐம்பது ஆண்டு காத்திருக்காமல், சரியான அளவைக் கண்ணுக்குக் காட்டினாலே பயத்தின் ஒரு பங்கு போய்விடுகிறது. இத்தனை மலிவான சோதனையை ஏன் எல்லா ஊரிலும் செய்வதில்லை என்பது எனக்குப் புரியாத புதிர்.

ஒருவேளை வரைபவர்களுக்கு அது தேவைப்படாததால் இருக்கலாம். 1980களில் டேவிட் ஹால்பர்ன் என்ற பிரிட்டிஷ் உளவியல் மாணவர் ஒரு சின்ன ஆய்வு செய்தார். முகங்களின் படங்களையும் கட்டடங்களின் படங்களையும் காட்டி எது அழகு என்று கேட்டார். முகங்களில் கட்டடக் கலை மாணவர்களும் மற்றவர்களும் ஏறக்குறைய ஒன்றுபட்டார்கள். கட்டடங்களில் பிரிந்தார்கள். கட்டடக் கலையை எத்தனை ஆண்டு படித்தார்களோ அத்தனைக்கு அந்தப் பிளவு அகன்றது. ஐந்தாண்டுப் படிப்பு என்பது ஒருவகையில் ஐந்தாண்டுப் பழக்கம். பொதுமக்கள் அரை நூற்றாண்டில் போய்ச் சேரும் இடத்துக்கு வகுப்பறை முன்கூட்டியே கொண்டுபோய் விடுகிறது. பொதுமக்கள் ஒருபோதும் போகாத இடத்துக்கும் சில சமயம் கொண்டுபோய் விடுகிறது.

மூன்றாவது நிகழ்வு கட்டடத்துக்கே நேர்வது: அது தப்பி நிற்கிறது, அல்லது இடிபடுகிறது. ஜேம்ஸ் லேவர் என்ற ஆங்கில உடை வரலாற்றாளர் 1937இல் பாதி விளையாட்டாக ஒரு கால அட்டவணை போட்டார். ஓர் உடை அதன் காலத்துக்கு 10 ஆண்டு முன்னால் வந்தால் ஆபாசம். தன் காலத்தில் நாகரிகம். 10 ஆண்டு கழித்து அவலட்சணம், 20இல் கேலிக்கூத்து, 30இல் வேடிக்கை, 50இல் விநோதம், 70இல் வசீகரம், 100இல் கனவுலகம், 150இல் அழகு. துணிக்கு இது பொருந்துகிறது. வேண்டாத காலத்தில் பெட்டியில் மடித்து வைத்து, பேத்தி எடுத்து உடுத்திக்கொள்ளலாம். கட்டடத்தைப் பெட்டியில் வைக்க முடியாது. அது அவலட்சணமாகத் தோன்றும் காலம் முழுவதும் தெருவில் நின்றாக வேண்டும். இதில் ஒரு கொடுமை உண்டு. கான்கிரீட் கட்டடங்களில் கூரை ஒழுகுவதும், உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்து மேற்பூச்சைப் பிளப்பதும், குழாய்களும் குளிரூட்டிகளும் காலாவதியாவதும் பெரும்பாலும் 40, 50 வயதில். லட்சக்கணக்கில் செலவு செய்து காப்பதா, இடித்துவிடுவதா என்று முடிவெடுக்கும் நாள், அதை யாரும் விரும்பாத நாள்களில் வந்து விழுகிறது.

லண்டனில் ஒரே சாலையில், நடந்துபோகும் தூரத்தில் இரண்டு ரயில் நிலையங்கள். யூஸ்டனின் பிரம்மாண்டக் கல் வாயிலை 1961-62இல் இடித்தார்கள். விக்டோரியா காலத்துக் கட்டடங்கள் என்றாலே அருவருத்த காலம் அது. பக்கத்துச் செயின்ட் பாங்க்ரஸும் அடுத்த பலியாக இருந்தது. கவிஞர் ஜான் பெட்ஜமன் போன்றவர்கள் ஊரைக் கூட்டிக் கூச்சல் போட்டதில் 1967இல் உயர்ந்த பாதுகாப்புத் தகுதி கிடைத்துத் தப்பியது. 2007 முதல் லண்டனிலிருந்து பாரிஸ் போகிறவர்கள் அந்தச் செங்கல் மாளிகையிலிருந்துதான் ரயிலேறுகிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். யூஸ்டன் வாயிலுக்கு மனமாற்றம் என்ற அத்தியாயமே எழுதப்படவில்லை. அந்தக் காலத்தில் எவ்வளவு அழகாகக் கட்டினார்கள் என்று நாம் பெருமூச்சு விடும்போது, மீந்து நிற்பவற்றை மட்டும்தான் எண்ணிக்கையில் எடுக்கிறோம். பழையவற்றில் மட்டமானவையும் நல்லவையும் கலந்து காலியானபின், எஞ்சிய கட்டடங்களை இன்றைய கட்டடங்கள் அனைத்தோடும் ஒப்பிடுகிறோம்.

போதாததற்கு, வயது என்பதே மதிப்பெண் வாங்கித் தருகிறது. ஸ்காட் ஐடல்மன், கிறிஸ் கிராண்டல் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வில் ஒரே ஓவியத்தைச் சிலரிடம் 1905இல் வரைந்தது என்றும், வேறு சிலரிடம் 2005இல் வரைந்தது என்றும் சொல்லிக் காட்டினார்கள். 1905 என்று கேட்டவர்களுக்கு அது கூடுதல் அழகாகத் தெரிந்தது. சாக்லேட்டை வைத்தும் செய்து பார்த்தார்கள். நெடுங்காலமாக விற்பனையில் இருப்பது என்று சொன்னால் நாக்குக்கும் ருசி கூடுகிறது. இத்தனை நாள் நிலைத்திருக்கிறதென்றால் ஏதோ காரணம் இருக்கும் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. ஆன்டெனாவுக்காகப் பிழைத்த கோபுரம்கூட இந்தக் கணக்கில் அழகுக்காகப் பிழைத்ததாகிவிடும்.

இந்த வயது மதிப்பெண்ணைச் சட்டமாகவே எழுதி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. டெல்லி பிரகதி மைதானத்தில் 1972 வர்த்தகக் கண்காட்சிக்காக ஹால் ஆஃப் நேஷன்ஸ் கட்டப்பட்டது. கட்டடக் கலைஞர் ராஜ் ரேவால், பொறியாளர் மகேந்திர ராஜ். முனை வெட்டிய பிரமிடு வடிவம். முக்கோணங்களாகப் பின்னிய சட்டகம், உள்ளே தூணே கிடையாது. இயந்திரக் கூடத்தின் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். இப்படிப்பட்ட சட்டகத்தை மற்ற நாடுகளில் எஃகுக் குழாயில் செய்வார்கள். இங்கே எஃகு எளிதில் கிடைக்காத காலம்; ஆள்பலம் உண்டு. அதனால் அதை அங்கேயே கான்கிரீட்டில், கையால் வார்த்தார்கள். தட்டுப்பாட்டைத் திறமையாக மாற்றிய வேலை. வெயில் உள்ளே வராதபடி ஆழமான அந்தப் பின்னலே நிழலும் தந்தது.

மக்கள் அதை வெறுத்ததாகச் சொல்ல முடியாது. புத்தகக் கண்காட்சிக்குப் போனவர்கள் நிமிர்ந்து பார்க்காமல் அதன் அடியில் நடந்தார்கள், அவ்வளவுதான். 2010களில் வளாகத்தைப் புதுப்பிக்கும் திட்டம் வந்தபோது, உள்நாட்டிலும் வெளிநாட்டிலுமிருந்து கட்டடக் கலைஞர்கள் எழுதினார்கள், நீதிமன்றம் வரை போனார்கள். பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவின் பதில் சுருக்கமானது. 60 ஆண்டு ஆகாத கட்டடங்களைப் பாரம்பரியச் சின்னமாகப் பரிசீலிப்பதில்லை. ஹால் ஆஃப் நேஷன்ஸுக்கு அப்போது 45. லேவரின் அட்டவணையில் வேடிக்கைக்கும் விநோதத்துக்கும் நடுவில். 2017 ஏப்ரலில் ஓர் இரவில் இடித்து முடித்தார்கள்.

அந்த வளாகத்தில் இப்போது இருப்பது 2023 ஜூலையில் திறந்த பாரத மண்டபம். ஜி20 மாநாடு நடந்த இடம். அதே விதிப்படி, அது அழகா இல்லையா என்ற கேள்வி அந்தக் குழுவின் மேசைக்கு வரக்கூடிய முதல் ஆண்டு 2083.